கோட்டுக்கு அந்தப் பக்கம்

பந்து அவள் மார்பில் வந்து விழுந்ததே தற்செயல்தான்.

விழுந்ததும் ஓடினாள்.

கடைசி ஆட்டம். இன்னும் மூன்று நிமிடம்.

ரக்பி லீக் ஆடத் தேசிய அணி கடல் கடந்து வந்திருப்பது இதுதான் முதல் முறை. முதல் ஆட்டத்தில் ஐம்பத்தாறுக்குப் பூஜ்யம். இரண்டாவதில் அறுபதுக்குப் பூஜ்யம். இன்றைக்கு எதிரணி கொஞ்சம் இரக்கப்பட்டு நாற்பத்தெட்டில் நின்றிருந்தது.

ஜெயிப்பது பற்றி யாரும் பேசவில்லை. ஒரே ஒரு தடவை எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டி, பந்தைத் தரையில் வைத்துவிட வேண்டும். அதற்கு நாலு புள்ளி. அந்த நாலு புள்ளிக்காகக் கேப்டன் ஏஞ்சலின் வேளாங்கண்ணிக்கு மொட்டையே நேர்ந்திருந்தாள்.

ஓடுகிறவள் மாரிக்கனி. விளாத்திகுளத்துப் பெண். எட்டு மாதம் முன்பு வரை கபடி ஆடியவள். நீள்வட்டப் பந்தை முதன்முதலாகப் பார்த்தபோது, "நசுங்கிப்போன பந்தக் குடுத்து ஏமாத்துறாங்க" என்று கடைக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தவள்.

ஒருத்தியை இடுப்பை ஒடித்து ஏய்த்தாள். இன்னொருத்தி காலைப் பிடித்தாள். உதறினாள்.

ஏஞ்சலின் பின்னாலேயே ஓடினாள். ஓட ஓட ஒரு சத்தம் காதில் விழுந்தது.

கபடி கபடி கபடி கபடி.

பாடிக்கொண்டே போகிறாள்.

கோட்டைத் தாண்டினாள். முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. குனிந்து வைத்தால் முடிந்தது.

"கீழ வைடி! மாரி, கீழ வையி!"

அணியிலேயே இவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த தமிழ். பாடுகிறவள் காதில் அதுவும் ஏறவில்லை.

காலால் மண்ணை ஒரு தட்டுத் தட்டினாள். திரும்பினாள்.

பந்தை அணைத்துக்கொண்டு, வந்த வழியே ஓடிவர ஆரம்பித்தாள்.

பத்து வயதில் படிந்த பழக்கம். எல்லையைத் தொட்டால் மட்டும் போதாது, மூச்சு விடாமல் தன் பக்கம் திரும்பிவிட வேண்டும்.

எதிரணிப் பெண்கள் திகைத்து நின்றுவிட்டார்கள். பயிற்சியாளர் தலையில் கை வைத்துப் புல்லிலேயே உட்கார்ந்தார்.

ஏஞ்சலினுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் எதிரே வருகிற முகத்தைப் பார்த்துவிட்டாள். ஜெயித்த முகம். இத்தனை சந்தோஷத்தோடு யாரும் அவளை நோக்கி ஓடிவந்ததில்லை.

அடிப் பாவி மகளே என்று மனசு பொங்கியது. கைகளை விரித்தாள்.

மாரிக்கனி நேரே வந்து நெஞ்சில் மோதினாள்.

தோளைப் பிடித்து அப்படியே திருப்பினாள் ஏஞ்சலின். இடுப்பைக் கட்டிக்கொண்டு கோட்டை நோக்கித் தள்ளினாள். இப்போதுதான் எதிரணி விழித்துக்கொண்டது. நாலு பேர் வந்து மேலே பாய்ந்தார்கள்.

எல்லோரும் ஒன்றாக விழுந்தார்கள்.

அடியில் இருட்டு. வாயெல்லாம் சேறு. வெள்ளைக் கோடு ஏஞ்சலினின் வயிற்றுக்கு அடியில் கிடந்தது.

கையை முன்னால் நீட்டித் துழாவினாள். பந்து. அதன்மேல் மாரிக்கனியின் கை.

அந்தக் கைமேல் தன் கையை வைத்துத் தரையோடு அழுத்தினாள்.

விசில்.

நடுவரின் கை அந்த இடத்தைக் காட்டியது. நாலு புள்ளி. மைதானத்தைச் சுற்றி நின்ற உள்ளூர்க் கார்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்தன.

மேலே கிடந்தவர்கள் எழுந்து விலகினார்கள். மாரிக்கனி மட்டும் எழவில்லை. எதிராளியின் மண்ணில் குப்புறக் கிடந்தாள். பாட்டு நின்றுபோயிருந்தது.

"எக்கா," என்றாள், மண்ணைப் பார்த்தபடியே. "நான் அவுட்டா?"

சிரிப்பு வருகிறது என்று நினைத்துத்தான் ஏஞ்சலின் வாயைத் திறந்தாள். வந்தது அழுகை.