தோசைக்கரண்டியும் களிம்பும்

அந்தக் களிம்பைப் பூசினால் ஒரு மணி நேரத்தில் தீக்காயம் மறைந்துவிடும், தடித்த தழும்பும் வராது. தனசேகர் அடிக்கடி வாங்குவான். "சம்சாரத்தை இப்படித் தாங்கறீங்களே சார்!" என்று மெச்சுவார் மருந்துக்கடைக்காரர்.

போன மாதம் மகளிர் காவல் நிலையத்தில் ரேணுகாவின் கையை ஏட்டு தடவிப் பார்த்தாள். "வழவழன்னு இருக்கு. புருஷன் சூடு வச்ச அடையாளம் எங்கம்மா?"

இன்று மறுபடியும் தனசேகர் காய்ந்த தோசைக்கரண்டியால் அவள் கையில் சூடு இழுத்தான். உடனே பரிவோடு அலமாரியைத் திறந்தான்.

"களிம்பு எங்கடி?"

"சாக்கடையில."

"லூசா நீ? புழு மாதிரி தடிச்சுக்கும். அசிங்கமா இருக்கும்டி!"

"இருக்கட்டும். உன் லட்சணம் தெரியட்டும்."

மருந்துக்கடைக்கு ஓட அவன் சட்டையைத் தேடுவதற்குள் ரேணுகா வெளியே வந்து கதவைப் பூட்டினாள். வெந்த கையை முந்தானையால் மூடாமல் நடந்தாள். ஏட்டு இந்த முறை தடவிப் பார்க்கட்டும். நிலையமே அதிர ரேணுகா அலறுவாள்.