கைப்பிடியின் நட்டு

நாங்கள் குடியிருந்துகொண்டே ஊர் சுற்றும் மோட்டார் வீட்டு வண்டியின் கழிவுத் தொட்டி வால்வு இறுகிக் கிடந்தது. வீரமாக ஒரு இழு இழுத்தேன். கைப்பிடி மட்டும் கையோடு வர, அரிசோனா மணலில் மல்லாந்து விழுந்தேன்.

"உடைச்சாச்சா, வெண்டெல்?" மனைவி லொரீன் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"கைப்பிடி நட்டு எங்கேயோ தெறிச்சிடுச்சு. மதியம் ஆள் வண்டியைப் பார்க்க வர்றான். வால்வு இப்படி இருந்தா எவன் வாங்குவான்?"

லொரீனுக்கு அதுதான் நல்லது என்று நினைத்து, வண்டியை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறலாமா என்று மாதக்கணக்காக அவளிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்பதே அவள் பதில். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சாவியைக் கொடுக்கும்போது அழாமலிருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

விடுவேனா? வண்டிக்கு அடியில் படுத்து, வால்வுத் தண்டில் கிரீஸ் தடவி, குறடால் பிடித்து இழுத்தேன், தள்ளினேன், மறுபடி தடவினேன். என் மூக்கு பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். கடைசியில் தண்டு வழுக்கிக்கொண்டு வந்தது.

"நட்டு கிடைச்சா வேலை முடிஞ்சுது!" மணலை அளைந்தேன்.

லொரீன் இறங்கி வந்து, சட்டைப் பையிலிருந்து நட்டை எடுத்து நீட்டினாள்.

"இது எப்படி உன்கிட்ட?"

"நேத்து நான்தான் கழட்டினேன்."

"வண்டியை விக்கணுமா, வேண்டாமா? 'உன் இஷ்டம்'னு மட்டும் சொல்லாதே!"

"விக்க வேண்டாம். சீக்கிரம் மாட்டு, கிழவா. அந்த ஆள் வர்றதுக்குள்ளே கிளம்பிடலாம்."