வராந்தாவில் ஒரு ஆடிஷன்

“நான் உள்ள போக மாட்டேன்! எனக்குப் பயமா இருக்கு!”

பட்டாணி போட்ட கூச்சலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. சட்டையில் எண் குத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“ஏய், என்னடி இது? கண்ணைத் துடை. எல்லாரும் பாக்கறாங்க.”

துடைக்கத் துடைக்கக் கண்ணீர் மாலை மாலையாக வந்தது.

“தைரியம் இல்லாத பிள்ளையை எதுக்குக் கூட்டிட்டு வரணும்?” என்றாள் எதிரே இருந்த ஒருத்தி. “மத்த பிள்ளைங்களும் இல்ல மிரண்டு போகும்!”

“எல்லாம் பெத்தவங்க ஆசை” என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள், காதில் விழட்டும் என்றே.

சிறுவர் நாடகக் குழுவின் புது நாடகத்தில் கப்பலோட்டும் குட்டிக் கேப்டன் வேஷம். பையனோ பெண்ணோ, யார் நன்றாகச் செய்கிறார்களோ அவர்களுக்கு. அடுத்த வருஷம் பட்டாணிக்கு வயது தாண்டிவிடும். அதற்காகத்தான் அம்மா மருந்துக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, பெற்றோருக்கென்று நாடக டீச்சர் நடத்திய வகுப்புக்குக்கூடப் பட்டாணியோடு போய் வந்தாள்.

“பிள்ளை வசனம் பேசும்போது நீங்களும் கூடவே உதட்டை அசைக்காதீங்க. அப்புறம் அது உங்க வாயையே பாத்துட்டு நிக்கும்” என்று டீச்சர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள்.

“எங்கம்மா தூக்கத்துலகூட அசைப்பாங்க டீச்சர்” என்று மானத்தை வாங்கினாள் பட்டாணி.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். “வெளிய காத்திருக்கும்போதும் பிள்ளைங்களைக் கவனிப்போம். கடைசி நேரத்துல அழுது அடம்பிடிக்கிற பிள்ளையை நம்பிப் பெரிய வேஷம் கொடுக்க முடியாது.”

“கேட்டுக்கிட்டியாம்மா? நீ அழுதுடாத” என்று வீடு வரை கேலி செய்துகொண்டு வந்தவள் இதே பட்டாணிதான்.

அவளா இப்படி? கடவுளே, இந்தப் பிள்ளைக்குத் தைரியத்தைக் கொடு.

கதவருகே நின்று பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா, பட்டாணியை ஒரு பார்வை பார்த்தாள். கையிலிருந்த அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒரு பையன். அவனும் அதே வேஷத்துக்குத்தான் வந்திருந்தான். அவன் பேரை இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்த பிடியை அவன் விடவே இல்லை. “இத்தனை பிள்ளைங்க இருக்கே, ஒண்ணாவது பயப்படுதா? உனக்கு மட்டும் என்னடா கேடு?” என்று அவன் அப்பா அவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பையன் மெல்ல எழுந்து பட்டாணியிடம் வந்தான்.

“உனக்குமா?”

பட்டாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். “வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது.”

“எனக்கும் அப்படித்தான்.” கொஞ்சம் யோசித்தான். “மூச்சை நல்லா இழுத்து விடு. ம், இன்னொரு தடவை.”

இழுத்து விட்டாள். அவனும் கூடவே இழுத்து விட்டான்.

“உள்ள என்ன கேப்பாங்களோ...” என்று மறுபடி உதட்டைப் பிதுக்கினாள் பட்டாணி.

“அழாத. நான் முதல்ல போயிட்டு வந்து சொல்றேன். இங்கேயே இரு, என்ன?”

கண்ணாடியைச் சரி செய்துகொண்டு விறுவிறுவென்று நடந்தான். கதவு மூடிக்கொண்டது. அவன் அப்பா எழுந்தவர் எழுந்தபடியே நின்றார்.

உள்ளேயிருந்து “கப்பலைத் திருப்புங்கடா!” என்று ஒரு குரல் வராந்தாவையே அதிர வைத்தது. அந்தப் பூஞ்சை உடம்பிலிருந்தா இந்தக் குரல்? சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கப்சிப்.

சிவந்த முகத்தோடு வெளியே ஓடி வந்தவன் அப்பாவிடம்கூடப் போகவில்லை. நேரே பட்டாணியிடம்தான் வந்தான்.

“ஒண்ணுமே இல்ல! டீச்சர் சிரிக்கிறாங்க. தைரியமாப் போ.”

பட்டாணி போனாள். அவளும் நன்றாகத்தான் செய்தாள் போலிருக்கிறது; உள்ளே கைதட்டல் கேட்டது. ஆனால் வெளியே வந்ததும் அந்த அக்கா அம்மாவைத் தனியே கூப்பிட்டாள்.

“நல்லா நடிக்கிறாம்மா. ஆனா வெளிய அழுததை நான் சொல்லித்தான் ஆகணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

படி இறங்கும்வரை அம்மா பொறுத்துக்கொண்டாள். வாசலில் வெடித்தாள்.

“தெரிஞ்சே பண்ணினியேடி! அழுதா வேஷம் கிடைக்காதுன்னு எனக்கே பாடம் எடுத்தியே! ஒருநாளும் இல்லாத பயம் இன்னிக்கு எங்கேர்ந்துடி வந்துச்சு?”

பட்டாணி படிக்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

“நிஜமாவே பயந்த மாதிரி இருந்துச்சாம்மா? உனக்குக்கூடத் தெரியலையா?”

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தப் பிள்ளைக்கா தைரியம் கேட்டு வேண்டிக்கொண்டோம்?

“இரு. இப்பவே மேல போய் அந்த அக்காகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு வந்துடறேன்.”

பட்டாணி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்து இழுத்தாள்.

“வேண்டாம்மா! அழுத பிள்ளையை நான்தான் தேத்தி உள்ள அனுப்பினேன்னு அவன் அவங்கப்பாகிட்ட இப்பதான் சொல்லிட்டிருக்கான்.”