தோரியம் ரசித்த ஜோக்

யுரேனியத்துக்குப் பங்காளி முறை ஆகும் தோரியம் என்ற உலோகத்தைச் சூடாக்கினால், அதன் விறைப்பு குறையும். தட்டினால் எழும் ஓசையும் இறங்கும். அதை அளப்பதுதான் ஆய்வாளரம்மாவின் வேலை. உலை சூடேற ஏற, திரையில் கோடு சமர்த்தாகச் சரியும். உலையைக் கவனிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் கடி ஜோக் சொல்வார். அம்மா உதட்டைக்கூட அசைக்கமாட்டார்.

அன்று அறுநூறு டிகிரியில், ஒரு ஜோக் முடிந்ததும் கோடு துள்ளி எழுந்தது. தகிக்கும் உலோகம் சில்லென்ற உலோகத்தைப் போலக் கணீரென்றது. பிறகு பழையபடி சரிந்தது.

"உலையில ஏதாவது கோளாறா அண்ணே?"

"உலை நல்லாத்தான் இருக்கு மேடம். உங்களவிட அதுக்கு ரசனை ஜாஸ்தி."

அதே ஜோக்கைத் திரும்பச் சொன்னார். கோடு மசியவில்லை. புதிதாக ஒன்றைச் சொன்னார். துள்ளியது.

மறுநாள் இயக்குநர் வந்து திரைமுன் நின்றார். கோடு ஒழுங்காக வராவிட்டால் உலை வேறு குழுவுக்குப் போய்விடும். நல்லவேளை, உலைக்காரர் இன்னும் வரவில்லை. யாரும் வாய் திறக்கவில்லை. கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"பிரமாதம். உலை உங்களுக்கேதான்" என்றார் இயக்குநர்.

அப்போது கோடு எழுந்தது, இதுவரை எழாத உயரத்துக்கு.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"மேடம், வர்ற வழியில புதுசா ஒண்ணு தோணுச்சு..."

அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஆய்வாளரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.