தோள் உயரம்

குதிரை பின்னங்கால்களில் எழுந்தது.

மாஸ்டர் இரண்டு கைகளையும் அகல விரித்தபடி அடைப்பின் நடுவில் நின்றிருந்தார். குளம்புகள் அவர் முகத்துக்கு நேரே வந்து ஒரு நொடி அந்தரத்தில் நின்றன. லாடத்தின் ஆணித்தலைகளை அவரால் எண்ண முடிந்தது.

பக்கவாட்டில் விழுந்து, உருண்டு, வேலிக்கு அடியில் புகுந்து வெளியே வந்தார். வாய் நிறைய மண்.

எழுந்து நின்று துப்பினார். 

கேட்டுக்கு வெளியே இறைச்சிக்கூடத்து லாரி நின்றிருந்தது. லாரிக்காரர் அதன் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர்தான் வரச் சொல்லியிருந்தார். ஏற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை முயன்று பார்க்கிறேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தக் கடைசித் தடவையும் முடிந்துபோனது.

முப்பது வருடமாக மற்றவர்கள் கெடுத்த குதிரைகளைத் திருத்திக் கொடுக்கிறவர் அவர். கடிக்கிற குதிரை, உதைக்கிற குதிரை, கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற குதிரை. கொண்டுவருகிற எல்லோரிடமும் ஒன்றையேதான் சொல்வார். கெட்ட பழக்கத்தோடு எந்தக் குதிரையும் பிறப்பதில்லை, ஏதோ ஒரு கை சொல்லிக் கொடுத்திருக்கும்.

இந்தக் குதிரையோ அவருடைய லாயத்திலேயே பிறந்தது. வெளியார் கை பட்டதே கிடையாது.

பிறந்த அன்றே தாய் செத்துவிட்டது. அந்தப் பருவம் முழுக்க அவர் வெளியூரில் யாருடைய குதிரைகளையோ பழக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் அடுப்படியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, புட்டிப்பால் கொடுத்து, அதைப் பிழைக்கவைத்தாள். பொடியன் என்று பெயரும் வைத்தாள்.

பொடியனுக்கு இரண்டு வயதானதும் பழக்க ஆரம்பித்தார். நான்கு மாதமாக இதே கூத்து. நடக்கச் சொன்னால் நடக்கும். சேணம் போட்டால் சாதுவாக வாங்கிக்கொள்ளும். நிறுத்துவதற்கு எதிரே போய் நின்றால் மட்டும் எழும்பிவிடும். பல், முதுகு, குளம்பு எல்லாம் பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. லாடம் அடிக்கிறவர் நூலிழையில் தப்பித்து, "ஊருக்கெல்லாம் பலன் சொல்ற பல்லி கழனிப்பானையில விழுந்துச்சாம், மாஸ்டர்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மனைவியின் தம்பியால் சிரிக்க முடியவில்லை. போன வாரம் பொடியனை மறிக்கப் போய் அவன் தோளெலும்பு முறிந்தது.

"அது குதிரை இல்ல மாமா, பேய்," என்றான், கட்டுப் போட்டுப் படுத்தபடி. "நாளைக்கு அக்கா மேல ஏறினா என்ன பண்ணுவீங்க?"

அதைக் கேட்ட பிறகுதான் லாரிக்குச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அடைப்பின் தாழ்ப்பாளை நாளுக்கு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

இப்போது அந்தத் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. ஓடிவர வசதியாக இருக்கட்டுமென்று, உயிருக்குப் பயந்து, இன்று அவரே அதைப் போடாமல் விட்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தார்.

கதவு திறந்து கிடந்தது. குதிரை வெளியே முற்றத்தில் நின்றது. வீட்டுப் பக்கமிருந்து அவர் மனைவி அதை நோக்கி நேராக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

மாஸ்டர் கத்தினார்.

"கிட்டப் போகாத! கையை விரி, அகலமா விரிச்சு நில்லு!"

அவள் நின்றாள். கையை விரிக்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள்.

குதிரை போய் அவள் கழுத்தை முகர்ந்தது. காத்திருந்தது. மறுபடியும் முகர்ந்தது. எழும்பவில்லை.

"கையை விரிக்கச் சொல்லாதீங்க," என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். "இத்துனூண்டு இருந்தப்போ ஆத்தாளைத் தேடிக் கத்திக்கிட்டே கிடக்கும். நான் கையை விரிச்சா ஓடியாந்து ரெண்டு காலையும் என் தோள்ல போட்டுக்கும். அப்பத்தான் அடங்கும். தம்பி அன்னைக்குக் கையை விரிச்சான் பாருங்க, அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது. சொல்லப் பயமா இருந்துச்சுங்க."

மாஸ்டர் குதிரையின் காதுகளைப் பார்த்தார்.

தாக்க வருகிற குதிரை காதுகளைப் பின்னால் மடக்கிக்கொள்ளும். தொழிலின் முதல் பாடம் அது. பொடியனின் காதுகள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. இந்த நான்கு மாதமும் அப்படித்தான் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் குளம்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

கேட்டருகில் டீ டம்ளர் விழுந்து உருண்டது.

லாரிக்காரர் கயிற்றோடு உள்ளே ஓடிவந்தார். அவிழ்ந்து நிற்கும் குதிரையைக் கண்டால் எவரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வழியை மறித்து நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

பொடியனின் தலை திரும்பியது. பிறகு அது ஓடியது.

மாஸ்டருக்குக் கத்த நேரமில்லை. வேலியோரமிருந்து பாய்ந்து, குதிரைக்கு ஒரு எட்டு முன்னதாகப் போய், லாரிக்காரரைக் கைகளோடு சேர்த்து இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நெடிய நிழலொன்று எழும்பி இருவர் மேலும் விழுந்தது. பிடரியில் சூடான மூச்சு பட்டது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"யோவ் மாஸ்டர், விடுய்யா! மூச்சு முட்டுது!"

முதுகுக்குப் பின்னால், ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு குளம்புகளும் மண்ணைத் தொடும் சத்தம் கேட்கிறவரை அவர் விடவில்லை.