மூங்கிலடிக் குடிசை

“எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லும்! அன்னைக்கு இந்தக் கதவப் பூட்டுனது நீரா?”

செல்லக்கிளி கேட்ட வேகத்தில் காவல்காரர் சொரிமுத்து ஓரடி பின்வாங்கினார். பாபநாசத்திலிருந்து விடியுமுன் கிளம்பியவள், அட்டைக்கடியில் இரண்டு கால்களிலும் ரத்தம் ஒழுக மலையேறி வந்திருந்தாள்.

“நான் பூட்டல தாயி.”

“சத்தமாச் சொல்லும் வே. ரேஞ்சரய்யா காதுல விழட்டும்.”

பொதிகை மலைச் சரிவில் காட்டிலாகா புதுப் பாதை வெட்டிக்கொண்டிருந்த 1912ஆம் வருஷம் அது. பாதையின் நடுவே, மூங்கிலடியில், ஓர் ஓட்டுக் குடிசை. மலையேறும் துரைமார் தங்குவதற்கும், மழை பிடித்தால் வேலையாட்கள் ஒதுங்குவதற்கும் கட்டியது.

பத்து நாளைக்கு முன்பு, ஐப்பசி அடைமழையில் காட்டாறு பொங்கி, வேலையாட்களின் இலைப்பந்தலை அடித்துக்கொண்டு போனது. எல்லாரும் கீழே ஓடிப் பிழைத்தார்கள். காய்ச்சலில் சுருண்டு கிடந்த கருத்தையா மட்டும் ஓட முடியாமல் குடிசையைத் தேடி மேலே ஏறியிருக்கிறான். மறுநாள் காலையில் அவனுடைய கம்பளி குடிசை வாசலில் கிடந்தது. ஆளைக் காணவில்லை. அந்தக் கருத்தையாவின் பெண்டாட்டிதான் செல்லக்கிளி.

விசாரிக்க வந்திருந்த ரேஞ்சர் முகம்மது மைதீன் குடிசைக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாதை வேலையின் ஓவர்சியர் அப்பாத்துரை. பாளையங்கோட்டையில் படித்தவர். கோட்டுப் போட்டிருந்தார்.

“நான் அன்னைக்கு மத்தியானமே அரிசி வாங்கக் கீழ போயிட்டேன்யா,” என்றார் சொரிமுத்து. “பாபநாசத்துக்குக் கிளம்பின ஓவர்சியரய்யா, மழைக்குப் பயந்து பாதி வழியில திரும்பி வந்தாரு. நான் இங்கேருந்து கிளம்புத நேரத்துல எங்கிட்டச் சாவியக் கேட்டு வாங்கிக்கிட்டாரு. இதான் நடந்தது.”

“பொய்!” அப்பாத்துரை மேசையில் அடித்தார். மைக்கூடு குலுங்கியது. “ஏலே, சோறு போடுற வேலையில இருந்துக்கிட்டு எம்மேலயே பழி போடுதியா? நான் அன்னைக்குக் காலையில இறங்குனவன், ராத்திரி பாபநாசத்துலதான் படுத்தேன். நான் இறங்கிப் போனத வேலையாளுக அத்தனை பேரும் பாத்திருக்கானுவ!”

“இறங்குனதப் பாத்தாக. திரும்பி வந்தத நான் மட்டுந்தானய்யா பாத்தேன்.”

“கேட்டியளா ரேஞ்சர்? இவன் மட்டும் பாத்தானாம்!”

ரேஞ்சர் பேனாவைக் கீழே வைத்தார். பொழுது விடிந்ததிலிருந்து இதையே கேட்டுக் கேட்டு அவருக்கும் எரிச்சல் ஏறியிருந்தது. “சொரிமுத்து, ஓவர்சியர் பொறுப்பான மனுசன். உம்ம பேச்சுக்குச் சாட்சி இருக்கா?”

“சாட்சிக்கு எங்க போவேன்யா? அன்னைக்கு இங்கன வேற யாரு இருந்தா?”

“அப்ப நீரு பூட்டிட்டுப் போனீருன்னுதான் எழுதணும். வேலை போயிரும். ஜெயிலுக்கும் போகவேண்டி வரும்.”

சொரிமுத்து அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாத்துரை குரலைத் தணித்துச் செல்லக்கிளியிடம் பேசினார். “இந்தாம்மா, உம் புருசனக் கொன்னது இவன்தான். விடாத. உனக்கு நான் துணையா நிக்கேன்.”

அவள் ஓவர்சியரை ஏற இறங்கப் பார்த்தாள். பல்லைக் கடித்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

“காய்ச்சக்கார மனுசன் கொட்டுற மழையில நின்னு கதவப் போட்டு இடிச்சிருக்காரு. திறக்காதவன் ஒரு மனுசனாய்யா?”

“பூட்டுன வீட்டுல யாரு வந்து திறப்பா?”

“அதான் கேக்கேன். நீங்க அன்னைக்கு இந்த மலையிலேயே இல்லையா?”

“இல்ல.”

“சத்தியமா இல்லையா?”

“எத்தன தடவதான் சொல்ல? இல்ல, இல்ல, இல்ல!”

செல்லக்கிளி ரேஞ்சர் பக்கம் திரும்பினாள். “வாயால சொல்லுதது இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணாப் போயிரும்யா. அவரு கையாலயே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.”

ரேஞ்சருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அப்பாத்துரை தாராளமாக எழுதினார். தான் அன்று மலையில் இல்லை, சாவியைத் தொடவே இல்லை, காவல்காரன் குடிசையைப் பூட்டிவிட்டுப் போனதால் கருத்தையா ஆற்றைக் கடக்கப் பார்த்துச் செத்தான் என்று ஒரு பக்கம் நிறைய எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“எனக்கு எழுத்துத் தெரியாது. வாசிச்சுக் காட்டுங்கய்யா,” என்றாள்.

ரேஞ்சர் உரக்க வாசித்தார். சொரிமுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். செல்லக்கிளி ஒரு சொல் விடாமல் கேட்டாள். ‘செத்தான்’ என்ற இடத்தில் அவள் மூக்கு விடைத்தது.

“இனி மாத்திச் சொல்ல முடியாதுல்லாய்யா?”

“முடியாது. இது இலாகா காகிதம்.”

செல்லக்கிளி விறுவிறுவென்று வாசலுக்குப் போய், மூங்கில் புதரைப் பார்த்து இரண்டு தரம் கை தட்டினாள்.

அன்று வாசலில் நினைவில்லாமல் கிடந்தவனைத் தங்கள் குடிக்குத் தூக்கிப்போய்ப் பச்சிலைக் கஷாயம் கொடுத்துப் பிழைக்கவைத்த அந்த மலையிலேயே குடியிருக்கும் காணிக்காரர்கள் இரண்டு பேர், கருத்தையாவைத் தோளில் தாங்கி உள்ளே கூட்டிவந்தார்கள்.

“‘யாரா இருந்தாலும் கீழ போலே’ன்னு உள்ளேருந்து சத்தம் போட்டியளே ஓவர்சியரய்யா,” என்றான் கருத்தையா, மூச்சு வாங்க. “போயிட்டு வந்துட்டேன்.”