சிவப்பி

கண்ணாடிச் சுவர் வைத்த தேன்கூட்டின் முன்னால் மணிமாறன் உட்கார்ந்துவிட்டால், வளர்மதி கொண்டுவந்த காப்பி ஆறிப்போகும். தேனீக்களின் ஆட்டத்தைக் குறித்துக்கொள்வதுதான் அவனுடைய ஆராய்ச்சி. ஒரு தேனீயை அடையாளம் வைத்துக்கொள்ள, மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து அதன் முதுகில் பொட்டு வைத்திருந்தான். சிவப்பி என்று செல்லப் பெயர் வேறு.

“பாரேன், உடம்பை ஆட்டிக்கிட்டே நேரா ஓடுறா. பூ தூரத்துல இருக்குன்னு மத்ததுங்களுக்குச் சொல்றா. பக்கத்துல இருந்தா சும்மா வட்டம் போடுவா.”

“என் நெத்தியில நீங்க பொட்டு வச்சு எத்தனை வருஷமாச்சு?”

அவன் காதில் அது விழவில்லை.

மறுநாள் காலை அவள் சமையலறை ஜன்னலில் ஒரு தட்டு நிறையச் சர்க்கரைப் பாகு ஊற்றிவைத்துக் காத்திருந்தாள். மூன்றாம் நாள் சிவப்பி வந்து குடித்துவிட்டுப் போனது.

“வளரு, வட்டம் போடுறா! ரொம்பப் பக்கத்துல என்னவோ இருக்கு!” என்று கூவிக்கொண்டே அவன் வாசலுக்கு ஓடினான். எதிர்வீட்டு முருங்கையை அண்ணாந்து பார்த்தான். வேலியோரப் பூக்களை விலக்கிப் பார்த்தான்.

ஜன்னலில் நின்ற வளர்மதியின் பாகு ஒட்டிய விரலில் சிவப்பி மறுபடி வந்து உட்கார்ந்தது.

“நீ சொன்னாத்தானே அவர் கேப்பாரு,” என்றாள் அவள். “போடி, இன்னொரு தடவை சொல்லு.”